பெட்டியின் பின்னால் போங்கள்: அபின் காலத்துக் கதை எழுத நினைப்பவர்களுக்கு

என் குறுநாவலின் முதல் வரைவு சீனாவின் கான்டன் நகரத்தில் புகை மண்டிய ஓர் அறையில் தொடங்கியது. சிவப்பு விளக்கு, ஒருக்களித்துக் கிடக்கும் ஒரு சீனக் கிழவர், கையில் நீளமான குழாய். வாசித்துப் பார்த்த நண்பர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "இந்தக் குழாய்க்குள்ள இருக்கிறது எங்கிருந்து வந்துச்சு?" இந்தியாவிலிருந்து என்றேன். இந்தியாவில் எங்கே, யார் பயிரிட்டது, யார் காசு கொடுத்தது, எந்த மாதம், எந்தப் படகில் போனது என்று அவர் அடுக்கிக்கொண்டே போனார். எனக்கு ஒன்றுக்கும் பதில் தெரியவில்லை. எழுதியிருந்த நாற்பது பக்கத்தையும் கட்டி உள்ளே வைத்துவிட்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தேன். அந்த இரண்டாவது தொடக்கத்தில் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

பகலில் எனக்குக் கணக்கு எழுதும் வேலை. அபின் வணிகத்தை எனக்குப் புரியவைத்ததும் அந்தத் தொழில்தான். இருட்டறையில் ஒளிந்து நடந்த வியாபாரம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தது, உண்மையில் பட்டப்பகலில், பேரேட்டில் நடந்திருக்கிறது. 1773ல் வாரன் ஹேஸ்டிங்ஸ் வங்காளத்து அபினைக் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஏகபோகமாக்கினார். 1797லிருந்து கம்பெனியே ஏஜென்சி வைத்து நேரடியாகக் கொள்முதல் செய்தது. பட்னாவில் ஒரு ஏஜென்சி, காஜிப்பூரில் ஒன்று. குத்தகைச் சீட்டு, முன்பணம், எடை, தரம், ரசீது, பாக்கி என்று எல்லாவற்றுக்கும் ஏடு உண்டு. 19ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் பிரிட்டிஷ் இந்திய அரசின் வருமானத்தில் நிலவரிக்கு அடுத்த பெரிய வரிசையில் நின்றது இந்த அபின் பணம். ஆகவே, புகையில் தொடங்காதீர்கள். ஒரு பெட்டியைப் பிடித்துக்கொண்டு அதன் பின்னாலேயே நடந்து போங்கள்.

பெட்டி என்று நான் சொல்வது நிஜமான பெட்டி. மாமரப் பலகையில் செய்தது. உள்ளே 40 தடுப்பு, மேலே இருபது, கீழே இருபது. ஒவ்வொரு தடுப்பிலும் ஓர் உருண்டை, ஒவ்வொன்றும் சுமார் ஒன்றரை கிலோ. உருண்டைகள் ஒன்றோடொன்று உரசாதபடி காய்ந்த இலைச் சருகைத் திணித்து அடைப்பார்கள். அது கங்கையில் படகேறிக் கல்கத்தா போகும். அங்கே கம்பெனி ஏலம் விடும். ஏலம் எடுத்த தனியார் வியாபாரி அதைக் கப்பலில் ஏற்றி, கான்டனுக்குக் கீழே முத்து ஆற்றின் முகத்துவாரத்தில் இருக்கும் லிண்டின் தீவுக்குக் கொண்டுபோவார். அங்கே நங்கூரம் போட்டிருக்கும் கிடங்குக் கப்பலில் இறக்கி வைக்க, சீனக் கடத்தல்காரர்களின் வேகப்படகுகள் வந்து வாங்கிப் போகும். சீனப் பேரரசு 1729லேயே அபின் புகைப்பதற்கும் விற்பதற்கும் தடை போட்டிருந்தது. அதனால் கம்பெனி பிற்காலத்தில் தன் சொந்தக் கப்பலில் அபினை ஏற்றுவதைத் தவிர்த்தது. கல்கத்தா ஏலத்தோடு கணக்கை முடித்துக் கையைக் கழுவிக்கொண்டது. பல ஆண்டுகளில் ஏல விலை உற்பத்திச் செலவைப்போல் மூன்று நான்கு மடங்கு. அந்த வித்தியாசம் முழுவதும் கம்பெனியின் கஜானாவுக்கு.

இந்தப் பாதையில் நடந்து பார்த்தபோதுதான் என் கதைக்கு வேண்டிய ஒரே விதி கிடைத்தது. இதில் இருந்த ஒவ்வொருவரும் தன் கையைத் தாண்டிப் போன துண்டுப் பாதையை மட்டும்தான் பார்த்தார்கள். பிகார் விவசாயி கான்டனைப் பார்த்ததில்லை. கான்டனில் புகைத்தவர் பிகாரைப் பார்த்ததில்லை. லண்டனில் தேநீர் குடித்தவருக்கு இரண்டையும் பற்றிக் கவலை இல்லை. இவ்வளவு பெரிய தீங்கு இவ்வளவு காலம் ஓசையில்லாமல் நடந்தது இப்படித்தான். உங்கள் பாத்திரத்துக்கு என்ன தெரியும், எது தெரியவே தெரியாது என்று எழுதுமுன் ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். அந்தத் தாளைத் தாண்டி அவரை யோசிக்க விடாதீர்கள். 1838ல் ஒரு விவசாயி 'ஏகாதிபத்தியம் நம்மைச் சுரண்டுகிறது' என்று நினைத்தால், அது நீங்கள் நினைப்பது. எடை போடும் குமாஸ்தா தன் பானையைக் குறைத்து மதிப்பிடுவானோ என்றுதான் அவர் நினைப்பார்.

வயலில் தொடங்குவதாக இருந்தால்

எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன்.

அபின் செடியும் கசகசாச் செடியும் ஒன்றே. பிகாரில் பயிரானது வெள்ளைப் பூ பூக்கும் வகை. 'சிவந்த பூக்கள் ரத்தம்போல் விரிந்து கிடந்தன' என்று எழுதிய வரியை நானே அடித்தேன். நீங்களும் அடித்துவிடுங்கள். மழைக்காலம் முடியும் சமயத்தில் ஒப்பந்தமும் முதல் முன்பணமும். விதைப்பு நவம்பரை ஒட்டி. ஜனவரி கடைசியிலிருந்து பூக்கும். இதழ் உதிரும் பருவத்தில் பெண்கள் அதைப் பொறுக்கிச் சேர்த்து, சூடான மண் ஓட்டின் மேல் அழுத்தி, ரொட்டி மாதிரி வட்ட வட்டமாகத் தட்டி எடுப்பார்கள். தொழிற்சாலையில் உருண்டைக்கு மேலோடு போடுவது இந்த இதழ் ரொட்டிகளை ஒட்டித்தான். ஒட்டும் பசையும் அபினிலிருந்து வடிந்த நீரில் குழைத்ததே.

அப்புறம் காய் கீறுவது. நஷ்தர் என்று ஒரு சின்னக் கருவி. நான்கு மெல்லிய இரும்பு அலகுகளை நூலால் சேர்த்துக் கட்டியது. பிற்பகல் வெயிலில் காயின் மேல் கீழிருந்து மேலாக ஓர் இழுப்பு. ஆழமாக இழுத்தால் பால் காய்க்குள்ளேயே இறங்கிவிடும், மேலோட்டமாக இழுத்தால் வராது. பால் இரவெல்லாம் கசிந்து, விடியும்போது பழுப்பேறிப் பிசினாக நிற்கும். அதைச் சின்ன இரும்புக் கரண்டியால் வழித்து எடுக்க வேண்டும். இரண்டு மூன்று நாள் விட்டு அதே காயில் வேறொரு பக்கம் கீறல். நடுவில் ஒரு மழை பெய்தால் அத்தனையும் கரைந்து மண்ணுக்குப் போய்விடும். இதை எழுதும்போது நான் அடுக்களைக் கத்தியின் நுனியால் ஒரு பழத்தோலைக் கீறிப் பார்த்தேன். முதல் பத்துக் கீறலுமே சதைக்குள் இறங்கிவிட்டன. ஆயிரக்கணக்கான காயை, ஒவ்வொன்றையும் பலமுறை கீறுகிறவரின் மணிக்கட்டு எப்படி வலிக்கும் என்று அப்போதுதான் யோசித்தேன். அந்த வலி அத்தியாயத்தில் இரண்டு வரிதான். ஆனால் அது இல்லாமல் மீதி நிற்கவில்லை.

முன்பணத்தைப் பற்றி எழுதாமல் வயலை எழுதாதீர்கள். கம்பெனி நிர்ணயித்த விலைக்குத்தான் விற்க வேண்டும், கம்பெனிக்குத்தான் விற்க வேண்டும். அப்படியும் ஏன் பயிரிட்டார்கள்? முன்பணம் கைக்கு வரும் சமயமும் ஜமீன்தாருக்கு நிலக் குத்தகை கட்ட வேண்டிய சமயமும் ஒட்டி ஒட்டி வந்தன. காசு இந்தக் கையில் வாங்கி அந்தக் கையில் போகும். வாங்கிய பணத்துக்கு அபின் குறைந்தால் பாக்கி, பாக்கி நின்றால் அடுத்த வருடமும் அதே பயிர். உச்சத்தில் இருந்த காலத்தில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட குடும்பங்கள் இப்படிப் பயிரிட்டிருக்கின்றன. சவுக்கு வைத்த வில்லன் ஒருவனைக் கதைக்குள் கொண்டுவர வேண்டிய அவசியமே இல்லை. ஒரு ஏடும் ஒரு தவணை நாளும் போதும்.

தமிழில் எழுதுகிற நமக்கு இங்கே பெரிய வசதி ஒன்று இருக்கிறது. அந்த ஏடுகளில் விவசாயிக்குப் பெயர் 'அசாமி'. நாம் இன்றும் யாரென்று தெரியாதவரைச் சொல்கிறோமே, 'யாரோ ஒரு ஆசாமி' என்று, அதே சொல். முன்பணம் பட்டுவாடா செய்த ஆள் 'குமாஷ்தா', நம் குமாஸ்தா. கஜானா, பாக்கி, வசூல், ஜப்தி, தாக்கீது, ரசீது எல்லாம் பாரசீக, அரபி வேரிலிருந்து வருவாய் அலுவலகங்கள் வழியே நமக்கும் வந்து சேர்ந்தவைதான். ஆகவே பிகார் அலுவலகக் காட்சியைத் தூய தமிழில் மொழிபெயர்த்து வைக்காதீர்கள். நம் பழைய சர்க்கார் கச்சேரித் தமிழை அப்படியே எடுத்துப் போடுங்கள். ஊரும் காலமும் தானாக வந்து உட்காரும். நஷ்தர் போன்ற தொழிற்சொல்லை மட்டும் முதல் தடவை கையில் கொடுத்துக் காட்டிவிட்டு, அப்புறம் விளக்கம் இல்லாமல் விட்டுவிடலாம்.

தொழிற்சாலைக்குள் போக ஆசைப்படுகிறவர்களுக்கு ஒரு வழி: ஷெர்வில் என்ற ராணுவ அதிகாரி வரைந்து 1850ஐ ஒட்டி அச்சான பட்னா தொழிற்சாலைப் படங்கள். அதில் அடுக்கு அறை என்று ஒன்று. கூரை வரை உயர்ந்த தட்டுகள், ஆயிரக்கணக்கில் உருண்டைகள், ஏணிபோல் தட்டில் ஏறி நிற்கும் பையன்கள். உருண்டையைத் திருப்பி வைப்பதும் பூச்சி அரிக்கிறதா என்று பார்ப்பதும் அவர்கள் வேலை. அந்தப் படத்தின் முன்னால் அரை மணி நேரம் உட்காருங்கள். அதிகாரி பார்த்தது ஒழுங்கு, வரிசை, பிரம்மாண்டம். நீங்கள் மேல் தட்டில் நிற்கும் பையனின் கால்விரலைப் பாருங்கள். பிடிமானம் எதில்? கீழே போட்டுவிட்டால் என்ன ஆகும்? படம் யாருக்காக வரையப்பட்டதோ அவர் கேட்காத கேள்வியிலிருந்துதான் கதை கிளம்புகிறது.

ஆவணங்களையும் இப்படியே வாசிக்கப் பழகுங்கள். 1893ல் பிரிட்டிஷ் அரசு ஓர் அபின் கமிஷனை அமைத்தது. 700க்கும் மேற்பட்டவர்களிடம் சாட்சியம் வாங்கி, 1895ல் ஏழு தொகுதியாக அறிக்கை வந்தது. அபினால் பெரிய கேடு ஒன்றும் இல்லை, தடை வேண்டியதில்லை என்பது அதன் முடிவு. கேள்வி கேட்டவர் யார், சாட்சிகளை யார் ஏற்பாடு செய்தார்கள், பதில் சொன்னவரின் சம்பளம் யாரிடமிருந்து வந்தது என்று பக்கத்திலேயே பென்சிலால் குறித்துக்கொண்டு படிக்க வேண்டும். நான் தணிக்கை செய்யும்போது இப்படித்தான் வவுச்சர் பார்ப்பேன்.

கான்டனும் போரும்

பிரிட்டனுக்கும் சீனாவுக்கும் நடந்த முதல் அபின் போரின் காரணத்தை இரண்டு பக்கத்துக்கு விளக்கத் தோன்றும். வேண்டாம். பிரிட்டன் தேயிலைக்கு வெள்ளியைக் கொட்டிக் கொடுத்தது, அபின் வந்த பிறகு வெள்ளி எதிர்த்திசையில் ஓடியது. வாசகருக்கு இவ்வளவு தெரிந்தால் போதும். 1839 வாக்கில் ஆண்டுக்கு ஏறக்குறைய 40,000 பெட்டி சீனாவுக்குப் போய்க்கொண்டிருந்தது.

லின் ஜெஷுவை எழுதுகிறவர்கள் அவரைச் சிலையாக்கிவிடுகிறார்கள். பேரரசர் அனுப்பிய ஆணையராக 1839 மார்ச்சில் கான்டன் வந்து, 20,000 பெட்டிக்கு மேல் பறிமுதல் செய்து, ஜூன் மாதம் ஹூமனில் குழி வெட்டித் தண்ணீர் தேக்கி, உப்பும் சுண்ணாம்பும் போட்டுக் கரைத்துக் கடலில் விட்டவர். அதற்கு முன்னால் கடல் தெய்வத்துக்குப் படையல் வைத்து, நீரில் வாழும் உயிர்களைக் கொஞ்ச காலம் விலகி இருக்கச் சொல்லும்படி வேண்டிக்கொண்டார். எனக்கு அந்த மனிதர் மேல் மரியாதை கூடியது இதைப் படித்தபோதுதான். ஆனால் அவருக்கும் தெரியாத துண்டு ஒன்று இருந்தது. விக்டோரியா ராணிக்கு எழுதிய கடிதத்தில், உங்கள் நாட்டில் அபின் கடுமையாகத் தடை செய்யப்பட்டிருப்பதாகக் கேள்விப்படுகிறேன் என்கிறார். உண்மையில் அன்று இங்கிலாந்தில் அது கடைகளில் தாராளமாகக் கிடைத்த சரக்கு. இத்தனை நேர்மையான ஆளும் எதிரியைத் தன்னைப்போல் நினைத்துவிட்டார். இந்த ஒரு இடத்தை நன்றாக எழுதினால் அவர் சிலையிலிருந்து இறங்கி வந்துவிடுவார்.

சரி, நம் ஆட்கள் இதில் எங்கே வருகிறார்கள்? மதராஸ் ராணுவத்தில். முதல் அபின் போரில் 37ஆவது மதராஸ் காலாட்படை இருந்தது, மதராஸ் சாப்பர்கள் என்ற பொறியியல் படையினர் இருந்தார்கள். 1841 மே 30 அன்று, கான்டனுக்கு வடக்கே சான்யுவான்லி கிராமத்தை ஒட்டிய வயல்வெளியில், 37ஆவது படையின் ஒரு பிரிவு கொட்டும் மழையில் வழி தவறிப் படையிலிருந்து பிரிந்துவிட்டது. என் கதையின் மூன்றாவது பகுதி முழுக்க அந்தச் சில மணி நேரம்தான்.

அவர்கள் கையில் இருந்தது சிக்கிமுக்கிக்கல் துப்பாக்கி. விசையை இழுத்தால் கல் இரும்பில் மோதிப் பொறி பறந்து, கிண்ணத்தில் இருக்கும் மருந்தில் விழ வேண்டும். மழையில் மருந்து கூழாகிவிட்டது. இழுத்தால் ஒரு 'டிக்', அவ்வளவுதான். நான்கு பக்கமும் பார்த்துச் சதுரமாக நின்று துப்பாக்கிமுனை ஈட்டியை மட்டும் நீட்டிக்கொண்டிருக்கிறார்கள். எதிரே ஈட்டியும் மண்வெட்டியும் நீளக் கழிகளும் பிடித்த கிராமத்துக்காரர்கள். கடைசியில் மழையிலும் வெடிக்கும் கேப் துப்பாக்கி வைத்திருந்த மரைன் படைப்பிரிவு தேடி வந்து மீட்டது. 'டிக்' என்ற சத்தத்தை மட்டும் வைத்து ஒரு பக்கம் எழுதினேன். சுபேதார் ஐயா பக்கத்தில் நின்று ஒவ்வொருவன் பெயராகக் கூப்பிடுகிறார், பதில் குரல் வருகிறதா என்று பார்க்க.

ஆனால் இதோடு நிறுத்தினால் அது பொய். அந்தக் கிராமத்துக்காரர்கள் ஏன் திரண்டார்கள் என்று எழுத வேண்டும். படையினர் கல்லறைகளைத் தோண்டினார்கள், பெண்களிடம் அத்துமீறினார்கள் என்று அந்தப் பக்கத்துப் பதிவுகள் சொல்கின்றன. சீனாவில் இன்றுவரை சான்யுவான்லி மக்கள் எதிர்ப்பின் அடையாளம். நம் சிப்பாய் மழையில் நடுங்குவதைப் பார்த்து மனம் கரைகிறது, ஆனால் அவன் நின்றது இன்னொருவரின் நெல்வயலில். எட்டு மாதம் இந்த அத்தியாயத்தை மாற்றி மாற்றி எழுதினேன். முதலில் என் சிப்பாயை ஒன்றும் செய்யாத நல்லவனாக வைத்திருந்தேன். பிறகு, ஒரு கல்லறை தோண்டப்படும்போது விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றவனாக மாற்றினேன். அவன் மேல் எனக்கு இருந்த அன்பு குறையவில்லை. அவனைத் தப்பவிட எனக்கு உரிமையில்லை என்று மட்டும் தோன்றியது.

பிரிட்டிஷ் நாடாளுமன்றக் காட்சி வேண்டுமென்றால் ஒரு வரி: 1840 ஏப்ரலில் இந்தப் போருக்கு எதிராகக் கொண்டுவந்த தீர்மானம் ஒன்பது ஓட்டில் தோற்றது, 271க்கு 262. 1842ல் கையெழுத்தாகிப் போரை முடித்த நான்ஜிங் உடன்படிக்கையை மட்டும் முழுதாகப் படியுங்கள். சீனா கட்ட வேண்டிய 2 கோடியே 10 லட்சம் வெள்ளி டாலரில் 60 லட்சம், லின் பறிமுதல் செய்த அபினுக்கான விலை. கடத்தல் சரக்குக்கு, பறிமுதல் செய்தவர் பெயரில் பில். இத்தனை வருட வேலையில் நான் பார்த்ததிலேயே கூசாத வரவு இதுதான்.

புகைப்பவரை எழுதும்போது

இங்கே வந்து சேரத்தான் இத்தனை தூரம் சுற்றினேன். சிங்கப்பூர் அல்லது பினாங்கை எடுத்துக்கொண்டால் வசதி, ஏனென்றால் அங்கே சண்டு என்று அழைக்கப்பட்ட புகைக்கும் அபின் அரசு வருமானத்தின் முதுகெலும்பு. 1820லேயே சிங்கப்பூரில் அபின் விற்கும் உரிமையைக் குத்தகைக்கு விட ஆரம்பித்தார்கள். பல ஆண்டுகளில் அரசு வருவாயில் பாதிக்குப் பக்கத்தில் அதிலிருந்து வந்தது. குத்தகை எடுத்தவர்கள் பெரும்பாலும் சீனச் செல்வந்தர்கள், புகைத்தவர்கள் பெரும்பாலும் சீனக் கூலிகள். 1910 முதல் அரசே காய்ச்சி விற்றது. ஆக, வெள்ளைக்காரர் எல்லாரும் கெட்டவர், ஆசியர் எல்லாரும் பலி என்று கோடு போட்டால் கணக்கு நேராகாது. பம்பாயில் பார்சி வியாபாரிகள், மத்திய இந்தியாவின் மால்வாவில் மார்வாரிகள், சிங்கப்பூரில் குத்தகைதாரர்கள் என்று லாபத்தில் எல்லாருக்கும் பங்கு இருந்தது.

ரிக்‌ஷா இழுப்பவர் ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். அவர் கனவு காண்பதற்காகப் புகைக்கவில்லை. தோளும் முழங்காலும் வலிக்கிறது, நாளை காலை எழுந்து இழுக்க வேண்டும். கூலியில் எவ்வளவு போகிறது, ஊருக்கு அனுப்ப என்ன மிஞ்சுகிறது, குழாயில் மிஞ்சிய கரியைக்கூட ஏன் சுரண்டி எடுக்கிறார் என்று எழுதுங்கள். வண்ண வண்ணக் கனவுப் பத்தியை எழுதும் ஆசை எல்லோருக்கும் வரும். எழுதிப் பார்த்துவிட்டு எடுத்துவிடுங்கள். பழைய புகைப்படங்களைப் பார்த்து எழுதுகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: அவற்றில் நிறையப் படங்கள் ஸ்டூடியோவில் ஆளைப் படுக்கவைத்து எடுத்தவை.

காலப் பிழைகளில் நான் மாட்டிக்கொண்ட சிலவற்றைச் சொல்கிறேன். 1839ல் காஜிப்பூர் விவசாயிக்கு வெல்லம் போட்ட டீ கொடுத்திருந்தேன். இந்தியக் கிராமங்களில் தேநீர் பரவியது 20ஆம் நூற்றாண்டில். அவருடைய அபினால் யாரோ தேநீர் குடித்தார்கள், அவர் குடிக்கவில்லை. சிங்கப்பூரில் 1880க்கு முன்னால் ரிக்‌ஷா கிடையாது. 1841க்கு முன் ஹாங்காங்கில் பிரிட்டிஷ் கொடி கிடையாது. 1858 வரை ஆட்சி கம்பெனியுடையது, அதனால் பாத்திரங்கள் கம்பெனி சர்க்கார் என்றே பேசட்டும். பட்னாவுக்கு ரயில் வருவது 1860களில்தான், அதற்கு முன்னால் படகு, படகு, படகு. அந்தப் படகு வரிசைக்கு முன்னால் சின்ன ஓடங்கள் ஆழம் பார்த்துக்கொண்டே போகும், மற்றவர்கள் ஒதுங்கச் சொல்லித் தமுக்கு அடித்துக்கொண்டு. ஷெர்வில் அதையும் வரைந்திருக்கிறார்.

வரலாற்றில் எதை மாற்றலாம் என்று கேட்பார்கள். நான் வைத்திருக்கும் வழக்கம் இது: தேதி, விலை, எடை, மழை, யார் யாரைச் சுட்டார்கள் என்பதில் கை வைப்பதில்லை. ஏட்டில் பெயர் வராத ஆட்களின் பெயரும் பேச்சும் மனசும் என்னுடையவை. பத்து லட்சம் அசாமிகளில் ஒருவருக்குப் பெயர் வைப்பதில் ஒரு தவறும் இல்லை.

எழுத உட்காரும்போது முதல் பயிற்சியாக, அபின் என்ற சொல்லே வராமல் ஒரு பக்கம் எழுதுங்கள். நஷ்தர் கையில் இருக்கட்டும், பிற்பகல் வெயில் இருக்கட்டும், மேகம் திரள்கிறதா என்று அவர் நிமிர்ந்து பார்க்கட்டும். என் குறுநாவல் இப்போது அந்த இடத்தில்தான் தொடங்குகிறது. அவருடைய மனைவி வரப்பில் உட்கார்ந்து இதழ்களைக் கூடையில் அமுக்கிக்கொண்டே, தவணைக்கு இன்னும் எத்தனை நாள் என்று கேட்கிறாள். அவர் காயை எண்ணுகிறவர் மாதிரி பதில் சொல்லாமல் இருக்கிறார்.